சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கோ

விமலேஸ்வரி சாமித்தட்டில் இருந்த பஞ்சை எடுத்து இரண்டாகக் கிழித்து, தேங்காய் எண்ணெயில் தொட்டு உருட்டினாள். ஒவ்வொன்றும் கடலைப் பருமன்.

"நட்டநடு மத்தியானம் விளக்கேத்தப் போறீரோ?" என்று கேட்டார் கணவர் தவராசா.

"ஓமப்பா. போற காரியம் நல்லா நடக்கோணுமெல்லே."

உருட்டியதைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். விளக்குத்தான் ஏற்றப்படவில்லை.

மல்லாவிப் பொதுநோக்கு மண்டபத்தில் அன்றைக்குப் பேய்ப்படம். எடுத்தவர்கள் அவளிடம் படித்த அனோஜனும் பிரசாந்தனும். படத்தைப் போட்டிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை ரீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். "நீங்கள் பயத்தில ஒருக்காக் கண் வெட்டினாலே எங்களுக்குப் பரிசு கிடைச்ச மாதிரி" என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

எதற்கும் பயப்படாதவள் என்ற பெயர் அவளுக்கு ஆசிரியர் சுற்றுலாவில் வந்தது. திருகோணமலைக்குப் போன பஸ்ஸில் பேய்ப்படம் போட்டார்கள். பள்ளிக்கூட அதிபர் உட்பட எல்லாரும் அலற, இவள் மட்டும் முறுக்குக் கடித்தபடி இருந்தாள். "அவா காணாததே? பேயெல்லாம் அவாவுக்கு ஒரு காரியமே?" என்றார்கள். யுத்தத்தில் அவள் கண்டதையெல்லாம் அந்தப் பஸ்ஸில் இருந்த எல்லாரும்தான் கண்டிருந்தார்கள். பெயர் மட்டும் இவளுக்கு வந்தது. வந்த பெயரைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

உண்மை என்னவென்றால், அன்றைக்கு அவளுக்கு மூக்கொழுகும் தடிமன். காதுக்குள் பஞ்சு.

பேயைப் பார்த்து அவள் ஒருநாளும் பயந்ததில்லை. பேய் வரப்போகிறது என்று முன்கூட்டி அறிவிக்கிற சத்தத்துக்குத்தான் நெஞ்சு பதறும். கண்ணை மூடினால் பேய் போய்விடும், சத்தம் போகாது. தானே அடுப்பில் வைத்த குக்கர் விசிலடித்தாலும் ஒவ்வொரு விசிலுக்கும் துள்ளுகிறவள் அவள். முந்தைய நாள் கண்ணாடி முன் நின்று பயமில்லாத முகம் ஒன்றைப் பழகிப் பார்த்திருந்தாள். அது வயிற்றுவலிக்காரியின் முகம் போலவே வந்தது.

மண்டப வாசலில் தலைமயிரைச் சரிசெய்வது போல இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தாள். பக்கத்தில் ராக்காயி, மகள் ரஜிதாவோடு. படத்தில் பேய் வரும் கிணறு ராக்காயியின் தோட்டத்துக் கிணறு. அதைத் திரையில் பார்க்கவென்றே புதுச்சேலை உடுத்தி வந்திருந்தாள்.

அனோஜன் முன்னால் வந்து ஏதோ பேசினான். காதைத் தொட்டுக் காட்டினான், இரண்டு கையையும் அகல விரித்தான். சனம் தலையாட்டியது. சத்தம் இவ்வளவு பெரிதாக வரும், ஏலாதவர்கள் காதைப் பொத்துங்கள் என்கிறான் போலும். பாவம் சனம் என்று நினைத்துக்கொண்டு அவளும் தலையாட்டினாள்.

ஜன்னல்களைத் தறப்பாளால் மூடினார்கள். படம் ஓடியது.

கிணற்றடியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாளி தானாக இறங்கியது. தண்ணீருக்குள் இருந்து வெள்ளையாய் ஒரு கை வந்தது. விமலேஸ்வரி அசையவில்லை. பிரசாந்தன் திரையைப் பாராமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஒரு கொட்டாவியும் விட்டுக் காட்டினாள்.

ராக்காயி இவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். "ஓம், ஓம்" என்றாள் விமலேஸ்வரி. எதற்கு ஓம் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் கதிரையை விட்டுத் துள்ளவில்லை. பயத்தில் உறைந்துபோய் இருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள்.

லைற் போட்டதும் மறுபடியும் தலைமயிரைச் சரிசெய்து, பஞ்சை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கோ ரீச்சர்." அனோஜனின் முகம் வாடியிருந்தது. "நீங்கள் கண்கூட வெட்டேல்லை. மிச்ச வேலையைச் செய்து அனுப்பலாமோ, இல்லாட்டி இதோட விடுறதோ?"

அவளுக்குப் பாவமாய்ப் போயிற்று. பயந்தேன் என்றால் தன் பெயர் போகும், பயமில்லை என்றால் பெடியளின் மனம் உடையும். இரண்டும் நடக்காமல் தப்ப ஒரு வழிதான் இருந்தது. சத்தத்தைப் புகழ்வது. பேய்ப்படம் என்றால் ஏதாவது ஒரு சத்தம் இருக்கத்தானே வேண்டும்?

"எனக்கொண்டும் செய்யேல்லை. அது என்ர சுபாவம்" என்றாள் நிமிர்ந்து. "ஆனா கிணத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பிளை அழுற சத்தம் வருதெல்லே, அது திறம். வேற ஆக்களெண்டால் மயங்கி விழுந்திருப்பினம். கட்டாயம் அனுப்புங்கோ. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கோ."

அனோஜன் பிரசாந்தனைப் பார்த்தான். பிரசாந்தன் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய வெறும் மூலையைப் பார்த்தான்.

"ரீச்சர்... நான் முதலே சொன்னனான்தானே. படத்துக்கு இன்னும் சத்தம் போடேல்லை. சத்தமில்லாமலே பயம் வருதோ எண்டு பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டனாங்கள்" என்றான் அனோஜன்.

உள்ளங்கையில் எண்ணெய் கசிந்தது. கையை விரித்துக் காட்டினால் போதும், எல்லாம் விளங்கிவிடும். அவள் விரல்கள் இன்னும் இறுகின.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து வாசலுக்குக் கிட்டப் போய் நின்றார். இன்னொருவர் யாரிடமோ திருநீறு இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கு முதல் தடவையாக அந்த மண்டபம் பயந்தது.

ராக்காயி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்க கெணத்துக்குள்ள அழுதது யாரு டீச்சர்?"