வாளியில் கலந்த துத்தநாகம்

"அந்த டயர் கடைக்காரன் என்னைக் கேணயன்னு நெனச்சுட்டான்டா!" ஓரின் வாளியைக் காலால் எத்தினார். "ஈயம் கேட்டா, இந்த வாரமும் பாதிக்குப் பாதி துத்தநாகத்தைக் கலந்து தள்ளி விட்டிருக்கான்."

மகன் கிளே, கார்ச் சக்கரங்களில் இருந்து கழற்றிய பழைய எடைக்கட்டிகளை, சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் சிறு உலோகத் துண்டுகளை, ஒவ்வொன்றாக எடுத்து சிமெண்ட் தரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈயம் 'தொப்'பென்று விழும், துத்தநாகம் 'கிணிங்' என்று கத்திக் காட்டிக்கொடுக்கும். அதில் ஒன்றிரண்டு உருகிக் கலந்தாலே சட்டி முழுக்கக் கஞ்சியாகிவிடும், தோட்டா வார்க்க ஆகாது.

அமெரிக்காவின் மொன்டானாவில் மான் வேட்டைக் காலம் நெருங்கிவிட்டது. தோட்டா வார்க்கிற சாக்கில்தான் கிளே சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தான். வரும் வழியில் கடையில் வாளியை வாங்கி வருவது அவன் வேலை. ஒதுக்கிய துத்தநாகத்தை, "நானே எறிஞ்சிடறேம்ப்பா" என்று எடுத்துப் போவதும் அவன்தான்.

மற்ற நாட்களில் ஓரினுக்குப் பேச்சுத்துணை ரேடியோ மட்டும்தான். மனைவி இறந்த பிறகு, அந்த வீட்டில் இரண்டாவது தட்டு மேசைக்கு வருவதே மகன் வரும் அன்றுதான்.

அதற்காக லீவு நாளையெல்லாம் கிழவனோடு கழிக்க அவனுக்கென்ன தலையெழுத்தா? வீட்டில் அவன் மனைவி ஜனெல் காத்திருப்பாள். எப்படியாவது இன்றோடு வேலையை முடித்து அவனை விடுவித்துவிட வேண்டும் என்று ஓரின் முடிவு செய்திருந்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து மேசையில் மறுபடி ஒற்றைத் தட்டுதான்.

கொட்டகைக் கதவை அகலத் திறந்து, புகை வெளியே போக மின்விசிறியைத் திருப்பி வைத்தார். அடுப்பில் ஈயம் பளபளவென்று உருகி நின்றது. கிளே பனி படிந்த தொப்பியைக் கழற்றி உதறப் போனான்.

"டேய், டேய்! வெளியில போய் உதறு! ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் ஈயம் வெடிச்சு மூஞ்சியில அடிக்கும். அப்புறம் உன் பொண்டாட்டி ஆள் அடையாளம் தெரியாம வாசல்லயே நிறுத்திடுவா!"

கிளே சிரிக்கவில்லை. வெளியே போய் உதறிவிட்டு, சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தான்.

மதியம் இருவரும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுக்களைக்குப் போனார்கள். ஈயத்தின் பக்கத்தில் வைத்துத் தின்பதற்கு ஓரின் விடமாட்டார், விஷம். கிளே பெட்ரோல் பங்கில் வாங்கிய சாண்ட்விச்சைப் பிரித்தான்.

"ஏன்டா, ஜனெல் ஒண்ணும் கட்டித் தரலையா?"

"தூங்கிட்டு இருந்தாப்பா."

ஓரின் போனை எடுத்தார். "இரு, அந்தக் கடைக்காரனை நாலு வாங்கு வாங்கறேன். இப்பவே நல்ல ஈயமா தரச் சொல்றேன். இன்னைக்கே முடிச்சுட்டா அடுத்த வாரத்துலேர்ந்து உனக்கு விடுதலை."

"வேண்டாம்ப்பா." கிளே அவர் கையைப் பிடித்தான். "அவன் மேல தப்பில்ல. அவன் சுத்த ஈயம்தான் குடுத்தான். வாராவாரம் நாம ஒதுக்கின துத்தநாகத்தை நான்தான் மறுபடி கலந்து கொண்டாந்தேன்."

ஓரின் போனைக் கீழே வைத்தார். "உனக்கென்ன கிறுக்கா?"

"வேலை முடிஞ்சிடுச்சுன்னா, 'வராதே, வீட்டைப் பாரு'ன்னுடுவீங்க."

ஓரினுக்கு முகம் சிவந்துவிட்டது. மகன் தன்மேல் பரிதாபப்பட்டு இத்தனை நாள் நாடகம் ஆடியிருக்கிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"கெழவன் தனியா கெடக்கறானேன்னு பாவம் பாத்தியாக்கும்? எனக்கு யாரும் துணைக்கு இருக்க வேண்டாம். எந்திரிடா, வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டிக்குத் துணையா இரு!"

கிளே எழவில்லை. கடிக்காத சாண்ட்விச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்ல யாருமே இல்லப்பா... ஜனெல் என்னை விட்டுட்டுப் போயிட்டா."