எல்லாரும் வந்தாச்சு

“இரைச்சல்ல நீ பேசறதே சரியா கேக்கலடா. எல்லாரும் வந்தாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி” என்று ஃபோனில் முழங்கினார் மேனேஜர்.

அவர் எதிரே மூன்று காலி நாற்காலிகள் கைகட்டி நின்றன. இரைச்சல் என்று அந்த ஓட்டலில் இருந்தது, தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி மட்டும்தான்.

மேனேஜர் ஓய்வு பெற்றபோதே பதவியையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டவர். கல்லூரி விடுதியில் தன்னோடு ஒரே அறையில் கிடந்த மூன்று நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் நிகழ்ச்சி நிரல் அனுப்புவார். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் அவரே. தேதி குறித்ததும் எவனாவது கழன்றுகொள்வான், கூட்டம் தள்ளிப்போகும்.

இனித் தள்ளிப்போட நாள் கிடையாது. நாளைக் காலை மகள் அவரைக் கடல் தாண்டித் தன்னோடு கூட்டிப்போகிறாள். திரும்பி வர வீடும் இல்லை, விற்றாயிற்று. போவதற்குள் ஒரு தடவை பார்க்கணும், வாங்கடா என்று எழுதியிருந்தால் போதும். அதை எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

ஃபோனில் இருந்தவர் வாத்தியார். மனைவிக்குத் தலைசுற்றல், வர முடியாது என்றார். பின்னால் ரயில்வே கேட் மணி விடாமல் அடித்தது.

மேனேஜர் குரலை இறக்கவில்லை. பரவாயில்லை, டாக்டரும் வக்கீலும் எப்போதோ வந்துவிட்டார்கள் என்றார். வெறுமனே சொன்னால் நம்ப வேண்டுமே? டாக்டர் வழக்கம்போல ஊரான் பல்லைப் பற்றியே பேசி உயிரை எடுக்கிறான், வக்கீல் சூப் உறிஞ்சுகிற சத்தத்தில் பக்கத்து டேபிளே எழுந்து போய்விட்டது என்று இரண்டு வரி சேர்த்துக்கொண்டார்.

வைத்த கையோடு பல் டாக்டர் கூப்பிட்டார். கிளினிக்கில் அவசரமாக ஒரு நோயாளியாம், வாயைத் திறந்தபடி காத்திருக்கிறாராம். அங்கேயும் ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலி நாற்காலிகளில் ஆள் உட்காரவைப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

“நீ வராட்டி என்ன, வாத்தியாரும் வக்கீலும் இருக்காங்க. வாத்தியார்தான் பாவம், சரியாவே சாப்பிடல.”

“ஏனாம்?” டாக்டரின் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

இவன் நம்பவில்லை என்று மேனேஜருக்கு உறைத்தது. கலப்படமில்லாத உண்மை ஒன்றை முட்டுக்கொடுத்தால்தான் பொய் நிற்கும். வாத்தியார் தன்னிடம் மட்டும், மாடிப்படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுது சொன்ன சங்கதி ஒன்று அவரிடம் இருந்தது.

“அவன் பொண்ணு புருஷனை விட்டுட்டு வந்துட்டாளாம்டா. மாப்பிள்ளை கை நீட்டறானாம். அவ மேல்படிப்புக்கு வந்திருக்கான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான். இங்க எங்க முன்னாடி உடைஞ்சு போய் அழறான்.”

டாக்டர் பட்டென்று இணைப்பைத் துண்டித்தார். நம்பிவிட்டான் என்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார் மேனேஜர்.

சர்வர் வந்து, பக்கத்து டேபிளுக்கு வேண்டும், நாற்காலிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆள் வருகிறார்கள், கை வைக்காதே என்றார் மேனேஜர். வக்கீல் ஒருவன் வந்தால் போதும். அவனிடமாவது சொல்லிக்கொண்டு கிளம்பலாம்.

வக்கீல் வரவில்லை; அவருடைய ஃபோன்தான் வந்தது. அவர் வாயைத் திறக்குமுன் மேனேஜர் முந்திக்கொண்டார். நீ வராவிட்டாலும் குறையொன்றுமில்லை, வாத்தியாரும் டாக்டரும் அமர்க்களப்படுத்துகிறார்கள் என்றார்.

“வாத்தியார்கிட்ட ஃபோனைக் குடு.”

“கை கழுவப் போயிருக்கான்.”

வக்கீலின் குரலில் கோர்ட்டும் இல்லை, கோபமும் இல்லை.

“நாளைக்கு நீ ஒரேயடியா போறேன்னு உன் பொண்ணு சொன்னா. மூணு பேரும் எங்க வேலையைப் போட்டுட்டு என் கார்லதான் உன்னைப் பார்க்க வந்துக்கிட்டிருந்தோம். வழியில சும்மா உன்னைச் சீண்டலாம்னு ஆளுக்கொரு சாக்கு சொன்னோம். ஃபோனு ஸ்பீக்கர்ல இருந்துச்சுடா.”

கூட்டம் நடத்துகிற குரலெல்லாம் வற்றிப்போய், “வாத்தியாரு?” என்றார் மேனேஜர்.

“இப்பதான் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கிப் போறான்.”