ரூட் கிடையாது

"தம்பிக்கு ரூட் குடுக்க முடியுமா, முடியாதா?"

முதலாளி போட்ட சத்தத்தில், குழாய்க் கடையின் பின்னறையே அதிர்ந்தது.

"முடியாது, முதலாளி. சாதாரணக் கணக்கு ஒண்ணு திறந்திருக்கேன். பில் போடலாம், சரக்கு இருப்பைப் பாக்கலாம். அதுக்கு மேல ஒரு அடி நகர முடியாது."

கடையின் கம்ப்யூட்டர் முழுக்க அவள் பொறுப்பு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் பதில் சொன்னாள். ரூட் என்பது மொத்தச் சாவிக்கொத்து. அது கையில் கிடைத்தவர் யார் கணக்குக்குள்ளும் நுழையலாம், எதையும் துடைத்தெறியலாம்.

"ஏம்மா, வந்த அன்னைக்கே தம்பியை அவமானப்படுத்துறியே!"

"போன வருஷம் உங்களை நம்பிக் குடுத்தேன். இடத்தை அடைக்குதுன்னு விலைப் பட்டியல் மொத்தத்தையும் அழிச்சு வச்சீங்க. ஒரு தடவை பட்டது போதும்."

பக்கத்து மேசையில் பில் போடுகிறவர் இருமுவதுபோல் சிரித்தார்.

புதிதாக வந்திருந்த தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எனக்கு இதெல்லாம் அத்துப்படிங்க."

"அப்படியா? பாஸ்வேர்டு வைங்க, பாப்போம்."

தட்டினான். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஓங்கித் தட்டினான். கீபோர்டைக் கவிழ்த்து உதறினான்.

"இது செத்துப் போச்சுங்க."

"உசுரோடதான் இருக்கு. இதுல பாஸ்வேர்டு அடிச்சா வெளியே ஒண்ணும் தெரியாது. அத்துப்படின்னீங்களே?"

தம்பிக்குக் காது சிவந்தது. "இவர் ரூட் கேக்க வந்தாரா, ரூட் விட வந்தாரா?" என்று முணுமுணுத்தார் பில் போடுகிறவர்.

முதலாளி மேசையில் ஓங்கி அறைந்தார். "இது என் கடை! குடுக்கலைன்னா நாளையிலேருந்து இந்த நாற்காலியில நீ இருக்க மாட்டே!"

"நாளைக்கு எதுக்கு? இப்பவே எந்திரிக்கிறேன். நீங்களே கட்டி மேய்ச்சுக்குங்க."

சொன்னபடி எழுந்தே விட்டாள். முதலாளி கலங்கிப்போனார். பேரம் படியாமல் வாசலிறங்கும் வாடிக்கையாளரைக் கூப்பிடும் குரல் அவருக்குத் தானாக வந்தது.

"சரிசரி, உக்காரு. ஒரு வாரத்துக்காவது குடேன்..."

"ஒரு நிமிஷத்துக்குக்கூட கிடையாது."

"அடுத்த மாசம் உன்னைக் கட்டிக்கப் போறவரும்மா! அவரையே நம்பலைன்னா எப்படி?"

"கழுத்தை நீட்டுறேன்னுதான் சொன்னேன், அப்பா. ரூட்டை நீட்டுறேன்னு சொல்லலையே!"