நாற்பது பேர் தாங்குமா?

“நாற்பது பேரும் ஒரே நேரத்துல வீடியோ பார்த்தாலும் நிக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு ரவுட்டர் சொல்லுங்க சார்!”

மின்கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டதும் வந்து நின்ற ரவுட்டர்காரர், தோளில் இருந்த ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர். மூலையில் லேபிள் அச்சடிக்கும் மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

“எத்தனை பேர் தம்பி வேலை பார்க்கறீங்க?”

“நான், என் தங்கச்சி, ஒரு டிசைனர்.”

“டிசைனர் இன்னிக்கு லீவு” என்றாள் தங்கை, கீபோர்டில் இருந்து தலையை எடுக்காமல்.

“மூணு பேருக்கு வீட்டு ரவுட்டரே ஜாஸ்தி. மீதிப் பேர் எங்கே?”

இளம் முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“நாளைக்கு வருவாங்க சார். நாளைக்கு மட்டும்.”

விஷயம் இதுதான். அவனுக்குப் பெண் பேசிய அத்தை கொஞ்சம் அளந்து விட்டுவிட்டாள். மூன்று பேர் கம்பெனி அவள் வாயில் நாற்பது பேர் கம்பெனியாகிவிட்டது. இதுவரை பெண் வீட்டாரோடு எல்லாப் பேச்சும் அத்தையின் போனில்தான். நாளைக்குப் பெண்ணின் அப்பாவை அத்தையே ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

“உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?”

“சொன்னா பொண்ணு தர மாட்டாங்க சார். அவகிட்ட ஒரே ஒரு தடவைதான் போன்ல பேசினேன். நான் சொன்ன அறுவை ஜோக்குக்கெல்லாம் சிரிச்சா. இவளை விட்டா எனக்குக் கல்யாணமே வேண்டாம்.”

“அதுக்காக ஆள் பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சு, கம்ப்யூட்டரும் வாடகைக்கு வருது. சலூன்காரர்தான் மேனேஜர். ஜிம்ல இருந்து பத்துப் பேர் கணக்குப் பிரிவு.”

“அதுல ஒருத்தருக்கும் சட்டைப் பட்டன் பூட்ட முடியல” என்றாள் தங்கை.

“சரி, அவங்க சும்மா கம்ப்யூட்டரை முறைச்சுட்டு உட்கார்ந்தா போதாதா? ரவுட்டர் எதுக்கு?”

“பொண்ணோட அப்பா நெட்வொர்க் கம்பெனி முதலாளி சார்! பெரிய புள்ளி. எங்கே போனாலும் முதல்ல ரவுட்டரைத்தான் பார்ப்பாராம். அதை வெச்சே கம்பெனியோட யோக்கியதையைச் சொல்லிடுவாராம்.”

அவன் போனில் பெண்ணின் போட்டோவைக் காட்டினான். ரவுட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“நாற்பது பேர் கணக்கு பத்தாது தம்பி. அறுபது பேருக்குத் தாங்கறதா வாங்குங்க.”

“வர்றதே நாற்பது பேர்தானே?”

“ஆளுக்கு ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர். அறுபது பேர்னா நூத்தியிருபது இணைப்பு. டப்பா மேல போட்டிருக்கற எண்ணிக்கையையும் நம்பிடாதீங்க. அதுல பாதிதான் நிஜம்.”

“எங்க அத்தை மாதிரி” என்றாள் தங்கை.

முதலாளிக்குச் சுருக்கென்றது. மனுஷன் ஆள் பார்த்து விலை ஏற்றுகிறார்!

“சார், என் தலையில எதையாவது கட்டப் பார்க்கறீங்களா? அந்த இருபது பேர் எதுக்குன்னு சொல்லுங்க!”

ரவுட்டர்காரர் ஏணியை எடுத்தார். என்ன நினைத்தாரோ, மறுபடியும் சாய்த்து வைத்தார்.

“நாளைக்கு யாரையும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“ஐயோ! பொண்ணோட அப்பா வர்றாரே!”

“அவர் வந்து பார்த்தாச்சு.”

கீபோர்டு சத்தம் நின்றது. முதலாளி அவரையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்போ... அந்த நெட்வொர்க் கம்பெனி?”

“முதலாளியும் நான்தான், ஏணி தூக்கறவனும் நான்தான். போட்டோல நீங்க கோட்டு சூட்டு போட்டிருந்தீங்களா, அடையாளமே தெரியல.” அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. “நாளை மறுநாள் உங்க அத்தை எங்க ஆபீசைப் பார்க்க வர்றாங்க மாப்பிள்ளை. அறுபது பேர் ரவுட்டரையும் எடுத்துக்கிட்டு அந்த நாற்பது பேரையும் அப்படியே கூட்டிட்டு வந்துடுங்க. எங்க கம்பெனில அறுபது பேர்னு என் பொண்டாட்டி சொல்லி வெச்சிருக்கா!”