சமையலறைச் சுவர்

எல்லா வீடுகளையும் போலவே கீர்த்தனாவின் சமையலறைச் சுவரிலும் குடும்பத்தார் இருக்கும் இடம் புள்ளியாக எரியும். மணிக்கட்டில் தோலுக்கடியில் பதித்த சிறு மின்வில்லை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல வேலை என்று சொல்லி மகள் மகிழினியைக் கூட்டிப்போனவர்கள், முதல் காரியமாக அந்த வில்லையை எடுத்துவிட்டுத் தங்களுடையதைப் பதித்தார்கள். அம்மாவின் சுவரில் அணைந்த புள்ளி, மில் முதலாளியின் சுவரில் எரிந்தது. கழிப்பறையில் அவள் சற்று அதிக நேரம் இருந்தாலும் அங்கே மணி அடிக்கும்.

மகள் மில்லிலிருந்து மீண்டு வந்ததும் கீர்த்தனா ஆசையாகப் புது வில்லை ஒன்று வாங்கி வந்தாள்.

"வேண்டாம்மா."

"உன்னயத் தொலைச்சவடி நானு. இது இல்லாம எப்படி வெளிய விடுவேன்?"

"அவனும் இப்படித்தாம்மா பாத்துக்கிட்டே இருந்தான்."

கீர்த்தனா அன்று படுக்கப் போகுமுன் சுவரையே அணைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மகிழினி செருப்பை மாட்டினாள். எங்கே என்ற கேள்வி கீர்த்தனாவின் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, கழுவிவைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள். கதவு திறக்கும் ஓசை கேட்டது. மூடும் ஓசை கேட்கவில்லை. காலடிகள் சமையலறைக்குத் திரும்பி வந்தன.

"கடைத்தெரு வரைக்கும்மா. தையல் மெஷினுக்கு ஊசி வாங்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருவேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் கீர்த்தனா, திரும்பாமல்.

"கேக்கல. அதான் சொல்றேன்."