அடைப்புக்குறி இல்லாத பாடம்

விழுப்புரத்தில் பேருந்து ஏறியதிலிருந்து போனில் ஒரே வாக்கியத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். மரியாதையாக எழுதினால் பதில் வருவதில்லை. மரியாதை இல்லாமல் எழுத இன்னும் துணிச்சல் வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்குத் திண்டிவனத்தில் எனக்குப் புது வகுப்பு. இருபத்துநாலு பேர் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க வருகிறார்கள். எல்லாரும் போனில் திறக்கப்போவது எங்கள் தமிழ்க் குழு என்றைக்கோ இணையத்தில் போட்ட பாடத்தைத்தான்.

அதில் பிரிண்ட் என்ற கட்டளைக்குப் பிறகு அடைப்புக்குறி கிடையாது. அந்தக் காலத்துப் பைத்தானுக்கு அது சரி. இன்றைக்கு அப்படியே தட்டினால் முதல் வரியிலேயே கணினி தப்பு என்று சொல்லிவிடும்.

போன வகுப்பில் எட்டுப் பேர் வீட்டில் தட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வரவேயில்லை. கூப்பிட்டுக் கேட்டால், நமக்கு இது வராது சார் என்றார்கள். தப்பு பாடத்தில். வெட்கப்பட்டதோ அவர்கள்.

குழுவில் சண்டை ஓயவில்லை. பாதிப் பேருக்கு, தாங்கள் படித்த பாடத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. மீதிப் பேருக்கு, அதைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். நான் பதினாலு பாடத்தையும் உட்கார்ந்து புதிதாக எழுதி அனுப்பினேன்.

அதை ஏற்க வேண்டியது ஒரே ஆள். குழுவில் பெயர் 'ஏரிக்கரை'. பாடம் இருக்கும் தளத்தின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். ஓய்வுபெற்ற வாத்தியாராக இருப்பார் என்று நானே முடிவு பண்ணியிருந்தேன். மூன்று வாரமாகக் கிணற்றில் போட்ட கல்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு தம்பதி ஏறி, நான் இருந்த மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தார்கள். கணவர் ஜன்னலோரம். ஊசி குத்திய கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். உட்கார்ந்ததுமே மனைவியின் தோளில் தூங்கிவிட்டார். அந்த அம்மாவின் மடியில் பிளாஸ்கும் போர்வையும் அடைத்த கூடை.

கடைசியில் ஏரிக்கரைக்கு அனுப்பியே விட்டேன். 'உயிரோடதான் இருக்கீங்களா?'

நிமிர்ந்தால், அந்த அம்மா என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, யாரு மேல இம்மாம் கோவம்?"

"ஒரு கெழவன்க்கா. வைக்கப்போர்ல நாய் படுத்தா மாதிரி, தானும் மாத்தமாட்டான், மாத்துறவனையும் உடமாட்டான்."

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். கணவர் விழித்து, ஒன்றும் புரியாமல் தானும் சிரித்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் அந்த அம்மாவும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். கூட்டேரிப்பட்டு வரை நகர்த்தி நகர்த்தி எதையோ படித்தார். அங்கே இறங்கும்போது கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்ததால் கூடையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

திண்டிவனம் நெருங்கும்போது என் போன் அடித்தது. விடாமல் அடித்தது. பதினாலு முறை.

ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டது.

அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். இருபத்துநாலு பேரும் நாளைக்கும் வருவார்கள்.

கடைசியில் ஏரிக்கரையின் செய்தி ஒன்று இருந்தது.

'கோபி தம்பி, பாஸ்வேர்டை உங்க மெயிலுக்கு அனுப்பிட்டேன். இனிமே நீங்களே பாத்துக்குங்க, எனக்கும் நிம்மதி. ஒன்பதாம் பாடத்துல ஒரு கமா விட்டிருந்தீங்க, போட்டுட்டேன். நாய் வைக்கப்போர விட்டு எழுந்துடுச்சி. அப்புறம், கேட்டீங்களே, உயிரோடதான் இருக்கோம். ரெண்டு பேரும்.'