நடுவரை உலோகம்

சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் கடல் வெளிச்சம் ஆய்வகத்தில் ஆர்கான் வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுகிறது. பெட்டியோடு பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்து நிற்கிறாள் விஞ்ஞானி சங்கரி. அவள் மூக்குக்கண்ணாடி நழுவும்போதெல்லாம் டெக்னீசியன் லட்சுமணன் ஒற்றை விரலால் ஏற்றிவிடுகிறார். உருகிய உப்பில் மூழ்கி, மின்சாரத்திடம் ஆக்சிஜனைப் பறிகொடுத்த யுரேனியம் ஆக்சைடு வில்லை அவள் இடுக்கியில் இருக்கிறது. உள்ளே போட்டபோது இருந்த அதே வடிவம், ஓரம்கூடச் சிதையவில்லை. இதுவரை எடுத்தவையெல்லாம் மேலே உலோகமாகவும் நடுவில் ஆக்சிஜன் போகாத கறுப்பாகவும்தான் இருந்தன. "இதுவும் உள்ள கறுப்பா கீதுன்னா இன்னா மேடம் பண்றது?" "மறுபடி உப்பை உருக்குவோம்ணே." இந்தப் பொறுமைக்கு இவள் எங்கே போய் வரம் வாங்கினாளோ என்று நினைத்துக்கொள்கிறார் அவர். சின்ன ரம்பம் கிறீச்சிட்டு ஓய்கிறது. வில்லை இரண்டாகப் பிரிகிறது. ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சாம்பல் மினுக்கம். லட்சுமணன் மூச்சுவிட மறந்து பார்க்கிறார். பிறகு, பழக்கதோஷத்தில் அவள் மூக்கருகே விரலைக் கொண்டுபோகிறார். "கண்ணாடி இறங்கலைண்ணே," என்கிறாள் அவள், இடுக்கியை விடாமல். "கண்ணைத் தொடச்சு விடுங்க."